புதிய யோசனையை ஃபிரான்சைஸ் தொழிலாக வளர்ப்பது எப்படி?

ஃபிரான்சைஸ் என்றால், உங்கள் கடையின் பெயரையும் செய்முறையையும் இன்னொருவர் கட்டணம் கட்டிப் பயன்படுத்துவது. கடைக்கு முதல் போடுவது அவர்தான்.

அம்மா வைக்கும் ரசம் கைப்பக்குவம். புளி எவ்வளவு, எப்போது இறக்குவது என்று எழுதி வைத்தால்தான் யார் வைத்தாலும் அதே ருசி வரும். நீங்கள் விற்பது அந்தக் குறிப்பைத்தான். அதனால் முதலில் ஒரே கடையை நடத்தி, ஒவ்வொரு வேலையையும் அளந்து எழுதுங்கள்.

மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கடையில் உணவு வகைகளை வெகுவாகக் குறைத்தார்கள். பிறகு புதிய சமையலறைக்காக டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஊழியர்களை அதற்குள் வேலை செய்வதுபோல் நடக்கவிட்டு, எதை எங்கே வைப்பதென்று முடிவுசெய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. 1955-ல், அவர்களிடம் ஃபிரான்சைஸ் உரிமை பெற்ற ரே க்ராக் இல்லினாய்ஸில் கடை திறந்தபோது அவர் கையில் இருந்தது இப்படிப் பழகித் தேர்ந்த முறை.

கட்டணம் வாங்கியதும் நம் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பயிற்சியும் தரக் கண்காணிப்பும் அன்றுதான் தொடங்குகின்றன.