வாசகர் கேள்விகள்: பாம்பாட்டி படமும் பாரிஸுக்குப் போன சதிரும்

எட்வர்ட் செய்த்தின் ‘ஓரியண்டலிசம்’ வாங்கினேன். அட்டையில் ஆடையில்லாத ஒரு சிறுவன், மேலே மலைப்பாம்பு. ஓவியம் அழகாகத்தானே இருக்கிறது, இதில் என்ன தப்பு?
கல்லூரி மாணவி, திருச்சி

அழகில்லை என்று யார் சொன்னது? பிரெஞ்சு ஓவியர் ழான் லியோன் ஜெரோம் 1879 வாக்கில் வரைந்த ‘பாம்பாட்டி’ அது. இப்போது அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் கிளார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிழக்கு நாடுகளை ஐரோப்பியர்கள் தங்கள் கற்பனைக்கு ஏற்றபடி எப்படிக் காட்டினார்கள் என்று சொல்லும் செய்த்தின் புத்தகம் 1978இல் வந்தது. அதில் அவர் பேசுவது பெரும்பாலும் எழுத்தைப் பற்றி. இந்த ஓவியத்தைப் பிரித்து மேய்ந்தவர் லிண்டா நாக்லின் என்ற கலை வரலாற்றாசிரியர், 1983இல்.

அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். பின்சுவரின் நீல ஓடுகள் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் இருப்பவை. தரையோ கெய்ரோவின் பழைய மசூதித் தரையைப் போலிருக்கிறது. பாம்பாட்டம் எகிப்தில் நடப்பது. சுவரின் மேல்வரிசையில் குர்ஆன் வசனம் ஓடுகிறது, அதற்குக் கீழே துணியில்லாமல் ஒரு பையன். எந்த ஊரில் இப்படி விடுவார்கள்? திருவிழா ஸ்டூடியோவில் தாஜ்மகால் திரைக்கு முன்னால் எடுத்த போட்டோ மாதிரிதான் இது. ஆனால் ஜெரோம் கைகாரர். தூரிகை போன தடமே தெரியாது. ஓட்டில் விரிசல், பெயர்ந்துபோன மூலை எல்லாம் அச்சாக இருக்கும். அவ்வளவு சரியாக வரைந்தவர் பொய்யா சொல்லப்போகிறார் என்று நம்பிவிடுகிறோம். அந்த விரிசலும் சும்மா வரவில்லை. இவர்கள் வைத்துக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று காதில் ஓதுகிறது. சுவரில் சாய்ந்திருப்பவர்களுக்கும் உலகத்தில் வேறு வேலை இல்லை.

நாக்லின் கேட்டது, படத்தில் என்னென்ன இல்லை என்று. ஐரோப்பியர் ஒருவர்கூட இல்லை. காலமும் இல்லை, எந்த நூற்றாண்டு என்றே சொல்ல முடியாது. இஸ்தான்புல்லிலோ 1875இலேயே நிலத்தடி ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது!

நேரில் போய்ப் பார்த்து வரைந்தவர்களையும் இப்படிக் குறை சொல்லலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

எல்லோரையும் ஒரே கூடையில் போட மாட்டேன் ஐயா. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1832இல் மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனார், நோட்டு நோட்டாக வரைந்து வந்தார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் 1862இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, ‘துருக்கியக் குளியல்’ வரைந்தார். வட்டச் சட்டத்துக்குள் நிர்வாணப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

அவருக்குச் சரக்கு கொடுத்தவை மேரி வோர்ட்லி மாண்டகு என்ற ஆங்கிலச் சீமாட்டியின் கடிதங்கள். 1717இல் சோஃபியா நகரத்துப் பெண்கள் குளியலறைக்குள் போனவர் அவர். அங்கே இருந்த பெண்கள் அவரை மரியாதையாக நடத்தி, நீங்களும் ஆடையைக் களைந்து குளியுங்கள் என்று வற்புறுத்தினார்கள். அவர் மேலாடையைத் திறந்து, உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த கச்சைக் கூட்டைக் காட்டினார். ஐயோ பாவம், புருஷன்தான் இவளை இதற்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான் என்று அவர்கள் முடிவு கட்டினார்களாம். அதை மேரியே சிரிப்போடு எழுதியிருக்கிறார். ஆங்கர் குளியலறையை எடுத்துக்கொண்டார், பூட்டிய கச்சையை விட்டுவிட்டார். எனக்கு அந்தக் கச்சைதான் வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் யாராவது ஐரோப்பியரின் இந்தக் கற்பனைக் கண்ணில் மாட்டியதுண்டா?
வாசகி, கடலூர்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்தே போயிருக்கிறார்களே! 1838இல் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிகளும் மூன்று பக்கவாத்தியக்காரர்களும் பாரிஸுக்குக் கூட்டிச் செல்லப்பட்டார்கள். வரியேத்தே அரங்கில் சதிர், அதாவது இன்றைய பரதநாட்டியத்தின் பழைய வடிவம், ஆடினார்கள், பிறகு லண்டனிலும். சிக்கல் என்னவென்றால், அதற்கு எட்டு வருடம் முன்பே பாரிஸ் ஓப்பராவில் மரீ தாக்லியோனி என்ற பாலே நடனக்காரி இந்தியத் தாசியாக ஆடிவிட்டார். கால் கட்டைவிரல் நுனியில் மிதக்கும் அந்தத் தாசியைப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு முன்னால்தான் இவர்கள் சலங்கை கட்டித் தட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். கவிஞர் தியோஃபில் கொத்தியே மயங்கிப்போனார். அம்மணி என்ற பதினெட்டு வயதுப் பெண்ணின் நிறம், கண், நகை என்று பத்தி பத்தியாக எழுதினார். அம்மணிக்குப் பாரிஸ் எப்படி இருந்தது என்பதற்கு அதில் இடமில்லை. பார் என்ற சிற்பி அவரை வெண்கலச் சிலையாகவும் வடித்தார்.

அசலைப் பார்த்த பிறகாவது கற்பனை மாறியதா என்றால், இல்லை. 1877இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் ‘லா பயாதேர்’ பாலே அரங்கேறியது. அதிலும் கோயில் தாசி பூக்கூடைப் பாம்பு கடித்துச் சாகிறாள். அம்மணியின் சதிரில் பாம்பு கிடையாது, பாவம்.

கிழக்கிலிருந்து யாரும் பதிலுக்கு வரையவில்லையா?
வாசகர், தேனி

வரைந்தார்கள். உஸ்மான் ஹம்தி என்ற துருக்கியர் பாரிஸில் ஓவியம் படித்தவர். அதே நீல ஓடுகள், அதே கம்பளங்கள்தான் அவர் படங்களிலும். ஆனால் அவருடைய மனிதர்கள் புத்தகம் படிப்பார்கள், நிமிர்ந்து நின்று வாதாடுவார்கள். அப்புறம் இன்னொன்று. அவர் இஸ்தான்புல் அருங்காட்சியகத் தலைவராக இருந்தபோது, தொல்பொருட்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடை போடும் சட்டம் 1884இல் வர முன்னின்றார். என்னைக் கேட்டால், அவர் வரைந்த படங்களைவிட அந்தச் சட்டம்தான் நல்ல பதில்.