எஞ்சின் பழுது: சாரதியின் தவறா, உற்பத்தியின் குறையா? (வாசகர் கேள்வி – பதில்)

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்ட பின்னர், திருகோணமலை வீதிகளிலும் உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த புத்தம் புதிய வாகனங்களைக் காண முடிகிறது. கூடவே ஒரு பிணக்கும் வந்து சேர்ந்துள்ளது. எஞ்சின் பழுதுக்குச் சாரதியின் தவறே காரணம் என்று சொல்லி விற்பனையாளர்கள் கைவிரிப்பது குறித்து எமக்குக் கிடைத்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை பதிலளிக்கிறோம்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, கொழும்பிலிருந்து குடும்பத்துடன் இரவில் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஹபரணையைக் கடந்து சிறிது தூரத்தில் எனது காரின் வெப்ப எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. யானைகள் வீதியைக் கடக்கும் காட்டுப்பகுதி என்பதால் நடுவழியில் நிறுத்தத் துணியாமல், வெளிச்சமுள்ள கடையொன்று தென்படும் வரை மெதுவாக ஓட்டிச் சென்றேன். அங்கே நின்ற எஞ்சின் மீண்டும் இயங்கவில்லை. மூன்று ஆண்டுகள் அல்லது 100,000 கிலோமீற்றர் என்று உத்தரவாதம் தந்திருக்கிறார்கள். வாங்கி ஓராண்டும் நிறையவில்லை. விளக்கு எரிந்த பின்னும் ஓட்டியது என் தவறு என்று எழுதி மறுத்துவிட்டார்கள். சாரதியின் தவறையும் உத்தரவாதம் ஏற்க வேண்டாமா?
– ஒரு வாசகர், உவர்மலை

பதில்: ஏற்க வேண்டியதில்லை என்பதே தங்கள் கேள்விக்கு நேரான பதில். தொழிற்சாலையில் நேர்ந்த குறைக்கும், பயன்படுத்திய பாகத்தின் குறைக்கும் உற்பத்தியாளர் ஏற்கும் பொறுப்புத்தான் உத்தரவாதம்; அது காப்புறுதி அன்று. ஓட்டுபவர் செய்யும் தவறுகளுக்கெல்லாம் அது ஈடுகொடுக்கத் தொடங்கினால், அந்தச் செலவு அடுத்து விற்கும் காரின் விலையில் ஏறி, கவனமாக ஓட்டுபவர் மற்றவருக்காகப் பணம் கட்ட நேரிடும். ஆயினும் தங்களுக்கு நேர்ந்ததை இந்தக் கேள்விக்குள் அடக்கிவிட முடியாது. எஞ்சின் சூடேறிய பின்னர் தாங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டுமே விற்பனையாளர் பேசுகிறார். ஓராண்டுகூட ஓடாத எஞ்சின் முதலில் ஏன் சூடேறியது என்பதைப் பற்றி, தாங்கள் இணைத்தனுப்பிய மறுப்புக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

புதிய காரொன்று அவ்வாறு சூடேறுவதற்குத் தண்ணீர்ப் பம்பின் சீல் கசிந்திருக்கலாம், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருக்கலாம், குளிரூட்டும் நீரின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட் மூடியபடியே இறுகியிருக்கலாம், அல்லது றேடியேற்றர் விசிறி சுழலாமல் நின்றிருக்கலாம். இவற்றில் எதுவும் சாரதியின் கையில் இல்லை. வீதியிலிருந்து தெறித்த கல்லொன்று றேடியேற்றரைத் துளைத்திருந்தால் கதை வேறு. அதைக் காப்புறுதி நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். ஆகவே கழற்றிய பாகங்களுள் எது முதலில் பழுதடைந்தது என்று எழுத்தில் சொல்லும்படி கேளுங்கள். அந்தப் பதில் கிடைக்கும் வரை பழைய பம்ப், குழாய், தேர்மோஸ்டாட், கெஸ்கெட் ஆகியவற்றை எறிந்துவிடாமல் பெயரெழுதி வைக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். கராஜின் மூலையில் கிடக்கும் அந்தப் பழைய இரும்புகள்தான் தங்களது சாட்சிகள்.

எச்சரிக்கை விளக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னைய கார்களில் வெப்பமானியின் முள் மெல்ல மெல்ல ஏறுவதைக் கண்டு சாரதி உஷாராக முடிந்தது. இப்போது வரும் கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு நீல விளக்கு, எல்லை கடந்த பின் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதிலும் வெப்பத்தை அளக்கும் உணரி, குளிரூட்டும் நீரில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியாக அளக்கும். நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றையும் ஆவியையும் அளந்து, உண்மையான வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். எனவே, விளக்கு எரிந்தபோதே எஞ்சினுக்குள் கேடு நிகழ்ந்து முடிந்திருந்ததா, அதன் பின்னர் ஓட்டிய தூரத்தில்தான் நிகழ்ந்ததா என்பது சோதித்து அறிய வேண்டிய விடயமேயன்றி, மேசைக்குப் பின்னாலிருந்து எழுதித் தரக்கூடிய முடிவன்று.

சோதிக்க வழியும் இருக்கிறது. பழுதுக் குறியீடு பதியும் கணத்தில் வாகனத்தின் வேகம், எஞ்சினின் சுற்று, நீரின் வெப்பம் ஆகியவற்றை எஞ்சின் கணினி சேமித்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனரைப் பொருத்தி அதனை அச்சிட்டுத் தர முடியும். அது அந்த ஒரு கணத்தின் பதிவு மட்டுமே என்பதால், அதை வைத்துக்கொண்டு தாங்கள் பத்துக் கிலோமீற்றர் ஓட்டினீர்கள் என்று எவரும் சாதிக்க முடியாது. எஞ்சினின் மேல்மூடியான, அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட், வெப்பத்தில் வளைந்ததா என்பதை நேர்விளிம்புக் கோலொன்றை அதன்மேல் வைத்து, இடைவெளியில் மெல்லிய தகட்டளவியைச் செருகிப் பார்த்து அறிவார்கள்; சில எஞ்சின்களுக்கு அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீற்றர்தான். அந்த அளவீட்டைத் தங்கள் முன்னிலையில் எடுக்கச் சொல்லுங்கள்.

தங்கள் பக்கம் முற்றிலும் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துமாறுதான் கையேடுகள் சொல்கின்றன. கந்தளாய் வரையுள்ள அந்தப் பாதையை இரவில் அறிந்த எவரும் தங்களைக் குறை சொல்லமாட்டார் என்றாலும், யானைக்குப் பயந்தது நியாயமான காரணம் என்பதை உத்தரவாதப் புத்தகம் அறியாது. முதற்காரணம் பம்பிலோ குழாயிலோ இருந்ததாகத் தெரியவந்தால், அந்தப் பாகத்தையும் அதனால் நேர்ந்த சேதத்தையும் விற்பனையாளர் ஏற்க வேண்டும். விளக்கு எரிந்த பின் ஓட்டியதால் கூடிய சேதம் இன்னது என்று அவர் பிரித்துக் காட்ட முடிந்தால் அதன் பங்கு தங்களுடையது. பிரித்துக் காட்ட வேண்டியவர் அவர்தான். ஒரு குறிப்பிட்ட நிகழ்வு நடந்தது என்று நீதிமன்றம் நம்ப வேண்டும் என விரும்புபவரே அதனை நிரூபிக்க வேண்டும் என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு சொல்கிறது. தவறு என்று சொல்பவருக்கும் அது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் பணிப்புரையில் இன்னும் ஒரு படி மேலே சென்று, பொருளைக் கையளித்து ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை, கையளித்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும் என்று விதித்துள்ளது. மாறாக நிரூபிக்க வேண்டியது விற்பவரின் வேலை. நமது நாட்டுக்கும் அத்தகைய விதி மிக அவசியம் என்பதே என் கருத்து.

கேள்வி: எனது டீசல் பிக்கப்பை மருமகன் ஓட்டிச் சென்றபோது எஞ்சின் பெருஞ்சத்தத்துடன் நின்றுவிட்டது. கியரைத் தவறாகப் போட்டதால் எஞ்சின் மிகையாகச் சுழன்று வால்வுகள் வளைந்துவிட்டன என்கிறார்கள். அதிக சுற்றைத் தடுக்கும் கட்டுப்பாடு கணினியில் இருக்கும்போது இது எப்படிச் சாத்தியம்?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: சாத்தியந்தான். மருமகனைக் கடிந்துகொள்ளாமல் இதைப் படித்துக் காட்டுங்கள். கணினியின் கட்டுப்பாடு எரிபொருளைத்தான் நிறுத்தும். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. ஐந்தாம் கியரில் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும் வாகனத்தில் நான்காம் கியரைப் போட நினைத்துக் கை இரண்டாம் கியருக்குப் போய்விட்டது என்று வையுங்கள். இரண்டாம் கியரின் விகிதம் ஐந்தாம் கியரைப் போல இரண்டரை மடங்கு என்று கொண்டால், கிளச்சை விட்ட மறுகணம் எஞ்சின் 6,250 சுற்றுக்கு இழுக்கப்படும். பிக்கப்புகளின் டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் 4,500 சுற்றளவில் எல்லை கொண்டவை. அந்த வேகத்தில் வால்வுகள் மூட நேரமின்றிப் பிஸ்டனில் அடிபடும். பிஸ்டனின் தலையில் வால்வின் பிறை வடிவத் தழும்பு பதிந்திருந்து, கணினியிலும் எல்லை கடந்த சுற்று பதிவாகியிருந்தால், இதை உத்தரவாதத்தில் கேட்பது முறையாகாது. தழும்பு மட்டும் இருந்து சுற்றின் பதிவு இல்லையென்றால், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்காக்கும் டைமிங் பெல்ற் அல்லது செயின் நழுவினாலும் அதே தழும்பு விழும் என்பதால், அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாரி வெள்ளத்தில் நின்ற காரை மறுநாள் ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் இறுகிவிட்டது. உத்தரவாதம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, மூதூர்

பதில்: கிடைக்காது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனை இணைக்கும் கோல்தான் வளையும். இது வெள்ள அபாயத்தையும் உள்ளடக்கிய முழுமையான காப்புறுதியில் கேட்க வேண்டியது. வெள்ளத்தில் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் செய்யாமலே இழுத்துச் செல்வதுதான் காப்புறுதிக் கோரிக்கைக்கும் பாதுகாப்பு.

கேள்வி: முகவரின் சேவை நிலையத்துக்குப் போக ஒரு முழுநாள் செலவாகிறது. இங்குள்ள நம்பிக்கையான கராஜிலேயே ஒயில் மாற்றி வருகிறேன். பின்னாளில் எஞ்சின் பழுதானால் என்மீதே பழி விழுமா?
– ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: விழ முயற்சி நடக்கும். ஆகவே கையேட்டில் குறிப்பிட்ட தரத்திலான ஒயிலையே ஊற்றி, ஒயிலின் தரம், பில்டரின் இலக்கம், அன்றைய கிலோமீற்றர் ஆகிய மூன்றும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். "ஒயில் மாற்றம், இவ்வளவு ரூபா" என்று மட்டும் கிறுக்கிய துண்டு எதற்கும் உதவாது. 95 ஒக்டேன் பெற்றோல் வேண்டும் என்று கையேடு சொல்லும் எஞ்சினுக்கு விலை கருதி 92 ஊற்றுபவர்களும் உண்டு. எஞ்சின் தட்டும் சத்தம் எழுந்து பிஸ்டன் சேதமானால், அந்தப் பழியை மறுப்பது கடினம்.

அதேவேளை, ஒயில் மாற்றவில்லை என்ற குற்றச்சாட்டைக் கேட்டதும் தலைகுனிந்துவிடவும் வேண்டாம். 1997 முதல் 2002 வரையான மாதிரிகள் சிலவற்றின் எஞ்சினுக்குள் ஒயில் களியாகத் திரண்டபோது, உரிமையாளர்கள் ஒழுங்காக ஒயில் மாற்றாததே காரணம் என்றுதான் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் முதலில் சொன்னது. முறைப்பாடுகள் பெருகிய பின்னர், 2002இல், ஏறத்தாழ 33 இலட்சம் வாகனங்களுக்கு எட்டு ஆண்டுகள் வரை அப்பழுதைத் தானே சீர்செய்வதாக அறிவித்தது. ஹூண்டாய் நிறுவனமும் 2015இல் அங்கே ஏறத்தாழ 470,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க் தண்டைக் கடைந்தபோது தங்கிய உலோகத் துகள்கள் ஒயில் செல்லும் வழியை அடைத்து பேரிங்குகளைக் கெடுத்தன என்பது காரணம். ஒயிலின்றித் தேய்ந்த பேரிங்கைப் பார்க்கும் எவருக்கும் உரிமையாளரின் அலட்சியம்தான் முதலில் நினைவுக்கு வரும். துகள்களைத் தேடினால்தான் தெரியும். உங்கள் எஞ்சினைத் திறந்தால் ஒயில் பில்டரை வெட்டிப் பார்க்கும்படி கேட்க இதுவே போதிய காரணம்.

கேள்வி: மறுப்புக் கடிதம் கையில் இருக்கிறது. கொழும்புக்கு அலையாமல் எங்கே முறையிடலாம்?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம், உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி எழுத்தில் முறையிடலாம்; 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் விசாரிக்கலாம். முறைப்பாட்டுக்குக் குறுகிய காலவரம்பு உண்டு என்பதால், விற்பனையாளரின் "பார்த்துச் சொல்கிறோம்" என்ற பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அங்கே தீராவிட்டால் மத்தியஸ்த சபையும் நீதிமன்றமும் இருக்கின்றன. புத்தகத்தில் அச்சிட்ட விலக்கு நிபந்தனையே இறுதியானது என்று விற்பனையாளர் வாதிட்டால், 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தையும் 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தையும் பார்க்கும்படி தங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். உத்தரவாதப் புத்தகம், சேவைப் பற்றுச்சீட்டுகள், ஸ்கேனர் அறிக்கை, மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை முறைப்பாட்டுடன் இணைத்து, மூலப்பிரதிகளைத் தங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.