புவியியல் செயல்திட்டம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மதுரைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். புவியியல் பாடம், செயல்திட்டம், செயல்பாடு என்று எது பற்றியும் கேளுங்கள் என்று சொன்னதற்கு எதிர்பார்த்ததை விட நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மேடம், மகள் எட்டாம் வகுப்பு. கண்காட்சிக்கு எரிமலை மாடல் செய்யப் போகிறாள். தெர்மாகோல், சோடா உப்பு, வினிகர் எல்லாம் வாங்கியாச்சு. வேறு ஏதாவது சேர்க்கணுமா? (ஒரு அம்மா, சென்னை)

சேர்ப்பது இருக்கட்டும், அந்த நுரை பொங்குவதை விட்டுவிட முடியுமா என்று பாருங்கள். சோடா உப்பும் வினிகரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வரும், கூட்டம் கைதட்டும், அதோடு முடிந்தது. பாறைக்குழம்பு ஏன் மேலே வருகிறது, ஒரு எரிமலை ஏன் வெடிக்கிறது, இன்னொன்று ஏன் சும்மா வழிகிறது என்று ஒரு நடுவர் கேட்டால் பிள்ளை முழிக்கும். வருஷா வருஷம் ஒரே கண்காட்சியில் மூன்று நான்கு எரிமலை வேறு நிற்கும்.

வாங்கிய தெர்மாகோல் வீணாக வேண்டாம். மலையைப் பாதியாக அறுத்துக் குறுக்குவெட்டாகக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இந்திய வரைபடம் ஒன்று வைத்து, அந்தமான் பக்கத்து பேரன் தீவையும் (இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை) தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைப் பகுதியையும் குறிக்கட்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வழிந்து உறைந்த குழம்புதான் இன்று மகாராஷ்டிரத்தில் பருத்தி விளையும் கரிசல் மண்ணாக இருக்கிறது. நடுவர் அங்கேதான் நின்று கேள்வி கேட்பார்.

டீச்சர், பாட்டிலில் மழைமானி செய்தோம். நாங்கள் எடுத்த அளவும் பேப்பரில் வந்த அளவும் ஒத்தே போகவில்லை. எங்கே தப்பு? (ஒன்பதாம் வகுப்பு, தேனி மாவட்டம்)

ஒத்துப்போகாததே உங்கள் திட்டத்தின் நல்ல பகுதி, அதை அழித்துவிடாதீர்கள். பேப்பரில் வருவது வேறு ஓர் இடத்தில் இருக்கும் மானியின் அளவு. கோடை மழை ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவில் தூறாமல் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, வானிலைத் துறை காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை பெய்ததைத்தான் ஒரு நாள் மழையாக எழுதும். நீங்கள் பள்ளி விட்டுப் போகும்போது அளந்தால் கணக்கு எப்படி ஒன்றாகும்?

அதற்கு முன்னால் மானியைச் சரிபார்க்கணும். குளிர்பான பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும், அங்கிருந்து ஸ்கேலை ஒட்டினால் முதல் சில மில்லிமீட்டர் கணக்கே பொய். கொஞ்சம் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் சுழியம் என்று கோடு போடுங்கள். அப்புறம் பாட்டிலின் சுவர் நேராக இருக்கணும், நடுவில் இடுப்பு ஒடுங்கிய பாட்டில் வேண்டவே வேண்டாம். வெட்டிய மேல்பாகத்தையே கவிழ்த்துப் புனலாக வைத்தால் வாயும் உடலும் ஒரே அகலம், ஸ்கேல் காட்டுவதே மழை அளவு. அதை விட்டு 10 செ.மீ. வாயுள்ள சமையலறைப் புனலை 5 செ.மீ. பாட்டிலில் செருகினால் நாலு மடங்காகக் காட்டும். அகலம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நாலு மடங்கு, கணக்கு டீச்சரிடமும் இதற்குக் கை தட்டு வாங்கலாம்.

வைக்கும் இடம்: மரத்தடியிலும் சுவர் ஓரத்திலும் கூடாது. பக்கத்தில் இருக்கும் கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். தரையில் தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகாதபடி வாய் ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும்.

அளந்த பிறகுதான் விஷயமே இருக்கிறது. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். உங்கள் பள்ளி மொட்டை மாடி 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 10 மி.மீ. மழைக்கு 2,000 லிட்டர். அதில் எவ்வளவு தொட்டிக்குப் போனது, எவ்வளவு சாக்கடைக்குப் போனது என்று எழுதுங்கள். ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6-இலிருந்து மிக கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. டிவியில் சொல்லும் இந்தச் சொற்களுக்கு உங்கள் பாட்டிலில் கோடு போட்டு வைத்துப் பாருங்கள், அதி கனமழைக் கோடு 20 செ.மீ.யைத் தாண்டி நிற்கும். பிள்ளைகள் அசந்துவிடுவார்கள்.

டோப்போ ஷீட்டை (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்) எங்கே வாங்குவது? பாடத்தில் வரைபடத் திறன்கள் வருகிறது, கையில் ஒரு ஷீட் கூட இல்லாமல் எப்படி நடத்துவது? (அரசுப் பள்ளி ஆசிரியர்)

சர்வே ஆஃப் இந்தியா இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 ஷீட்டுகளை (1 செ.மீ. என்றால் தரையில் 500 மீட்டர்) பிடிஎஃப் ஆக இலவசமாக எடுக்கலாம். பெரிய தாளில் கலர் பிரிண்ட் போடுங்கள், கறுப்பு வெள்ளையில் போட்டால் பாதி விஷயம் போய்விடும். பழுப்பு என்றால் சம உயரக் கோடு (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கும் கோடு), நீலம் தண்ணீர், பச்சை காடு, மஞ்சள் சாகுபடி நிலம், சிவப்பு சாலையும் ஊரும். தண்ணீர் ஓடாத ஓடைகள் கறுப்பில் இருக்கும், நம் பக்கத்து ஷீட்டில் அதுதான் அதிகம்.

தயவுசெய்து குறியீட்டுப் பட்டியலில் இருந்து தொடங்காதீர்கள். பிள்ளைகளின் சொந்த ஊர் இருக்கும் ஷீட்டைக் கொடுத்து "உன் ஊரைக் கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள். பாடவேளை முழுக்கச் சத்தமாக இருக்கும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை. கோயில், கிணறு, கண்மாய் (பாசன ஏரி) என்று தேடும்போதே குறியீடு தானாகப் படிந்துவிடும். கண்மாய்க் கரையை ஒட்டி 3 என்ற எண்ணும் பக்கத்தில் ஆங்கில எழுத்து ஆர் ஒன்றும் இருக்கும். சுற்றியுள்ள தரையை விடக் கரை 3 மீட்டர் உயரம் என்று அர்த்தம். அந்தக் கரையில் சைக்கிள் ஓட்டியவன் வகுப்பில் ஒருவனாவது இருப்பான், அவனிடம் "சரியா சொல்லியிருக்கா?" என்று கேளுங்கள்.

அதே ஷீட்டை வைத்து அட்டையில் மலை மாடல் செய்தோம். மலை ஊசி மாதிரி நிற்கிறது! (பத்தாம் வகுப்பு மாணவர்)

அட்டையின் தடிமன்தான் காரணம் தம்பி. 1:50,000-இல் சம உயரக் கோடுகளுக்கு இடையே பொதுவாக 20 மீட்டர் உயர வித்தியாசம். அதை அதே அளவில் குறைத்தால் 0.4 மி.மீ. தான் வரும். நீ 3 மி.மீ. அட்டையை ஒவ்வொரு கோட்டுக்கும் ஒட்டியிருப்பாய், அதாவது மலையை ஏழரை மடங்கு இழுத்துவிட்டாய். எல்லாக் கோட்டையும் வெட்டாதே. ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடிப்பாக இருக்கும், 100 மீட்டருக்கு ஒன்று. அதை மட்டும் எடுத்து 5 மி.மீ. தெர்மாகோலில் வெட்டினால் இரண்டரை மடங்குதான், கண்ணுக்கும் மலையாகத் தெரியும். மாடலின் ஓரத்தில் "உயரம் 2.5 மடங்கு மிகைப்படுத்தப்பட்டது" என்று எழுதி ஒட்டு. முழுக்க உண்மை அளவில் செய்தால் 200 மீட்டர் குன்று 4 மி.மீ. உயரம்தான் இருக்கும், தோசை மாதிரி படுத்துக்கொள்ளும்.

பிப்ரவரியில் குச்சி நட்டு நிழல் அளந்தோம். 12 மணிக்கு நிழல் மிகக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம், 12:35 வாக்கில்தான் குறைந்தது. கடிகாரம் தப்பா, குச்சி தப்பா? (மாணவிகள் குழு, கோவை)

இரண்டும் சரி! இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை ஆரம்பித்தது வீண் போகவில்லை.

நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. கோவை ஏறக்குறைய 77 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 22 நிமிடம் போல சூரியன் உங்களுக்குத் தாமதமாக உச்சிக்கு வரும். மீதி 13, 14 நிமிடம்? பூமி சூரியனைச் சுற்றும் வேகம் வருஷம் முழுக்க ஒரே சீராக இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்தை விட 14 நிமிடம் பிந்துகிறது, நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. நவம்பரில் அதே குச்சியை நட்டுப் பாருங்கள், 12:06-க்கே உச்சி வந்துவிடும். ஏப்ரல் நடுவில் இந்த வித்தியாசம் சுத்தமாக இல்லை, அன்றைக்குச் செய்தால் உங்கள் ஊர் தீர்க்கரேகையையே நிழலில் இருந்து கணக்கிடலாம்.

ஒரு யோசனை. உச்சி நேரத்தில் நிழல் மெல்ல மெல்லத்தான் மாறும், எது குறைந்த நிழல் என்று கண்ணால் பிடிப்பது கஷ்டம். குச்சியை மையமாக வைத்து வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் நேரம், பிற்பகலில் மறுபடி தொடும் நேரம், இரண்டுக்கும் நடுவே உச்சி. இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும், திசைகாட்டியே வேண்டாம். குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்துப் பாருங்கள், நூலில் கல் கட்டினாலும் போதும்.

மார்ச் 21-இலும் செப்டம்பர் 23-இலும் மறக்காமல் அளவெடுங்கள். அன்று உச்சி நேரத்தில் 1 மீட்டர் குச்சிக்கு உங்கள் ஊரில் நிழல் 19 செ.மீ. சொச்சம் வரும், குச்சி நுனியில் இருந்து நிழல் நுனிக்குப் போகும் கோடு குச்சியோடு செய்யும் கோணம்தான் உங்கள் அட்சரேகை, 11 டிகிரி. ஏப்ரல் 19-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் உச்சியில் நிழலே இருக்காது. சென்னைப் பள்ளி ஒன்றோடு சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது, அங்கே அது ஏப்ரல் 24 வாக்கில்.

வரைபடக் கேள்வியில் முழு மதிப்பெண் எடுக்க ஏதாவது வழி? (பொதுத்தேர்வு மாணவர்)

கடக ரேகையையும் 82½ டிகிரியையும் பென்சிலில் லேசாகப் போட்டுக்கொள், இரண்டும் சத்தீஸ்கரில் வெட்டும். மற்ற எல்லாவற்றையும் அந்த இரண்டை வைத்து மதிப்பிடு. நகரத்துக்குப் புள்ளி, ஆற்றுக்குக் கோடு, மண் வகைக்குப் பரப்பு. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் பெரிய வட்டம் போடாதே. அண்ணன் அக்காவின் பழைய வரைபட நூலை நம்பாதே, தமிழ்நாட்டில் அதில் 32 மாவட்டம்தான் இருக்கும், இப்போது 38.

களப்பயணம் போகப் பணமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. (ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்)

சிவகங்கையில் இருந்துகொண்டு பஸ் எதற்கு சார்? நடந்து போகிற தூரத்தில் கண்மாய் இருக்குமே. தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து இரண்டும் வாங்கிவிட்டு, தண்ணீர் குறைந்த மாதமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். வரத்துக்கால்வாய் எங்கே நுழைகிறது, மடை எத்தனை, கலிங்கு (நிரம்பிய நீர் வழியும் இடம்) எந்தப் பக்கம், கலிங்கு வழிந்தால் தண்ணீர் எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் என்று கரையில் நடந்தே ஒரு படம் வரையட்டும். அடியெடுத்து வைத்து நீளத்தை அளக்கட்டும், கலிங்கில் வரிசையாக நட்டிருக்கும் கற்கள் எதற்கு என்று யோசிக்கட்டும் (இடையில் பலகையும் மண்ணும் அடைத்துக் கூடுதல் தண்ணீர் தேக்கத்தான்). மடை திறந்து பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சி ஒருவரைப் பிடித்துப் பேச வையுங்கள்.

திரும்பும்போது கரைக்கு உள்ளே ஒரு பிடி, ஆயக்கட்டு வயலில் (கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்) ஒரு பிடி மண். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்தால் மணல் உடனே இறங்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி இறங்கப் பல நாள்.

நெட்டில் இருந்து எடுத்து பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்?

திட்டுவதில்லை. "உன் தெருவில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தால் அதற்கு மதிப்பெண். வராவிட்டால் நாளைக்குப் பார்த்துவிட்டு வா என்பேன், அதற்கும் மதிப்பெண் உண்டு. அழகான அட்டைக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது, அதில் பெற்றோர் சிலருக்குக் கோபம்கூட உண்டு.

ரீச்சர், நாங்கள் யாழ்ப்பாணம். எங்களுக்கு ஆறும் இல்லை, மலையும் இல்லை. என்ன செய்யலாம்?

கிணறு இருக்கிறதே! உங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது, மழைநீர் கீழே இறங்கி உப்புநீருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. கயிற்றில் கல் கட்டி, கட்டின் விளிம்பில் இருந்து நீர்மட்டம் வரை வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே நேரத்தில் அளவெடுங்கள், இறைப்பதற்கு முன்பு காலையில் அளந்தால் நல்லது. வகுப்பில் ஆளுக்கொரு கிணறு எடுத்துக்கொண்டால், வாடைக்காற்றுக் காலத்து மழையோடு மட்டம் எப்படி ஏறுகிறது, கரையோரக் கிணறுகளுக்கும் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் கிணறுகளுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.