வாய் திறக்காதவரை அது பெரிய படம்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் 'வாம்பயர் ஹன்ட்டர் டி: பிளட்லஸ்ட்' என்ற பழைய ஜப்பானிய அனிமே படத்தைப் போட்டுக் காட்டி, "இதுக்கு மேல ஒரு திகில் ஆக்‌ஷன் படம் கிடையாதுப்பா" என்றான். ஓவியம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை என்று ஒன்றும் இல்லை, ஓரிடத்தில்கூடப் பயம் வரவில்லை. வெறும் ஓவியத்துக்காக ஒரு படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடலாமா?

பதில்: அந்த 'வெறும்' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. அனிமேயில் ஓவியம்தான் நடிப்பு, அதுதான் ஒளிப்பதிவு, பாதி நேரம் வசனமும் அதுதான். கதை தனியாக வெந்துகொண்டிருக்கும், ஓவியம் அதன்மேல் தூவும் கொத்தமல்லி என்று நினைத்துப் பார்த்தால், இந்தப் படத்தில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

முதல் சில நிமிடங்களை மறுபடி பாருங்கள். இரவு. ஊருக்குள் ஒரு கறுப்புக் குதிரை வண்டி வருகிறது. அது கடந்து போகப் போக, கட்டடங்களின் மேலிருக்கும் சிலுவைகள் சூட்டில் வாடிய மெழுகைப் போல வளைகின்றன. நீரூற்றில் தண்ணீர் உறைகிறது. பூக்கள் கருகுகின்றன. ஒரு ஜன்னல் திறக்கிறது. அவ்வளவுதான், அந்த வீட்டுப் பெண் சார்லட்டைக் காணோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவன் எப்பேர்ப்பட்டவன், அவன் முன்னால் மனிதர்கள் நம்பிய காவல்கள் எவ்வளவு பலவீனமானவை என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதைக் கதை இல்லை என்றால் வேறெதைக் கதை என்பது?

2000இல் வந்த படம். இயக்கியவர் யோஷியாகி கவாஜிரி, தயாரித்தது மேட்ஹவுஸ் ஸ்டூடியோ. ஹிதேயுகி கிகுச்சி எழுதிய நாவல் வரிசையில் மூன்றாவது நாவல்தான் மூலம். அந்த நாவல்களுக்குப் படம் வரைந்தவர் யோஷிதாகா அமானோ. காற்றில் அலையும் கூந்தல், மை கசிந்தது போன்ற மெல்லிய கோடுகள் என்று, அசையவைக்கவே முடியாத பாணி அவருடையது. 1985இல் வந்த முதல் 'டி' படம் அதற்கு அருகில்கூடப் போக முடியாமல் தவித்தது. கவாஜிரி குழு, கதாபாத்திரங்களைத் திரைக்காக வடிவமைத்த யுடாகா மினோவாவின் துணையோடு அதைச் சாதித்தது. சார்லட்டைத் தேடிப் போகும் காட்டேரி வேட்டைக்காரன் டியின் மேலங்கி விரியும் விதத்தை மட்டும் கவனியுங்கள், நான் சொல்வது புரியும்.

கவாஜிரியின் முந்தைய படங்களோடு வைத்துப் பார்த்தால் இன்னொரு பலமும் தெரியும். 'விக்கெட் சிட்டி', 'நிஞ்ஜா ஸ்க்ரோல்' இரண்டிலும் பெண்கள்மீதான பாலியல் வன்முறையை அவர் காட்சிப் பொருளாக்கினார். எவ்வளவு திறமை இருந்தாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் படத்தில் அந்த அசிங்கம் இல்லை. அது இல்லாததாலேயே இங்கே துக்கத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது.

பயம் வரவில்லை என்கிறீர்கள். உண்மை, எனக்கும் வரவில்லை. திகில் படம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். நிழலுக்குள் ஆளை இழுக்கும் பெங்கே வருகிற சில கணங்களைத் தவிர, மற்ற அரக்கர்கள் எல்லாம் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் வெட்டுப்படுகிறார்கள். பார்பராய் ஊர் என்று அவ்வளவு ஆரவாரமாக அறிமுகப்படுத்தி மூன்று விசித்திரப் பிறவிகளைக் கூட்டிவந்துவிட்டு, சண்டைக்கு ஒருவராகச் செலவழித்துத் தீர்ப்பது பெரிய வீணடிப்பு. வேட்டைக்கார மார்கஸ் சகோதரர்களும் அப்படித்தான். ஒருவனுக்குச் சுத்தியல், ஒருவனுக்கு வீசும் கத்தி, ஒருவனுக்கு அம்பு. ஆயுதம் ஞாபகம் இருக்கிறது, ஆள் ஞாபகம் இல்லை.

இதைவிடப் பெரிய குறை காதலில் இருக்கிறது. சார்லட்டை யாரும் கடத்தவில்லை, வண்டியில் வந்த மையர் லிங்க் என்ற ரத்தக்காட்டேரியை விரும்பித்தான் போனாள் என்று பிறகு தெரியவருகிறது. நல்ல திருப்பம். ஆனால் அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், அவள் அவனிடம் எதைக் கண்டாள் என்று படம் காட்டவே இல்லை. 'நாங்கள் காதலிக்கிறோம்' என்று வாயால் சொல்கிறார்கள், நாம் நம்பிக்கொள்ள வேண்டும். அவளுக்காக அவன் பகல் வெயிலில் இறங்கி உடல் தீப்பற்றி எரிகிற காட்சியில் மட்டும் நம்பினேன். அங்கேயும் வேலை செய்தது ஓவியம்தான்.

வசனம் பலவீனமாக இருப்பதற்கு ஒரு பின்னணியும் உண்டு. வெளிநாட்டுச் சந்தையை மனதில் வைத்து ஆங்கிலத்தில் குரல் பதிவு செய்த படம் இது. ஜப்பானியத் திரையரங்குகளிலேயே ஆங்கிலத்தில்தான் ஓடியது, அடியில் ஜப்பானிய எழுத்தோடு. எல்லோருக்கும் புரியட்டும் என்று எழுதினார்களோ என்னவோ, பல வசனங்கள் கண்ணால் பார்த்துவிட்டதையே காதிலும் ஓதுகின்றன. அப்புறம் அந்தக் கடைசிக் கோட்டை. அதுவரை கதையில் சுவடே இல்லாத கார்மில்லா என்ற காட்டேரி திடீரென்று முழு வில்லியாகிவிடுகிறாள். துரத்துகிறவன், துரத்தப்படுகிறவன் என்று இருவருக்கு நடுவில் கட்டிய இறுக்கம், மூன்றாவதாக ஒருத்தி வந்ததும் தளர்ந்துபோகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் இந்தப் படம் என்னை விடவில்லை. காரணம் டியும் லெய்லாவும். டி பாதி மனிதன், பாதி காட்டேரி, எந்தப் பக்கமும் சேராதவன். லெய்லா, மார்கஸ் கூட்டத்தில் ஒரே பெண். தாயைக் காட்டேரிக்குப் பறிகொடுத்த கோபத்தில் வேட்டைக்கு வந்தவள். ஓய்வாக இருக்கும் ஒரு வேளையில், தான் செத்தால் அழ யாரும் இருக்க மாட்டார்கள் என்ற பயத்தை அவனிடம் சொல்கிறாள். ஒருவர் செத்தால் பிழைத்திருப்பவர் கல்லறைக்குப் பூ கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறாள். படத்தில் நெஞ்சைத் தொடுகிற உரையாடல் என்றால் இது ஒன்றுதான்.

கடைசிக் காட்சியில் பல வருடங்கள் கழித்து ஒரு இறுதிச் சடங்கு. தூரத்தில் குதிரையோடு டி நிற்கிறான், முகத்தில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. லெய்லா வாழ்ந்து கிழவியாகிப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். சுற்றிலும் கறுப்பு உடையில் அத்தனை பேர். பேத்தி ஓடிவந்து யார் என்று விசாரிக்கிறாள். தனக்காக யாரும் அழ மாட்டார்கள் என்று பயந்த ஒரு பழைய சிநேகிதிக்காக வந்தேன், அவள் நினைத்தது தப்பாகிப்போனதில் எனக்குச் சந்தோஷம் என்கிற மாதிரி இரண்டு வரி சொல்கிறான். முதல் முறை பார்த்தபோது நான் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே உங்கள் மகன் சொல்வது போல இதற்கு மேல் படமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்வது போல ஒன்றுமில்லை என்று விடவும் மாட்டேன். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். 103 நிமிடப் படத்தில் சார்லட் பேசியதில் ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா? யோசிப்பார். லெய்லா டியிடம் என்ன கேட்டாள் என்றால் உடனே சொல்லிவிடுவார்.