மூணாங்கிளாஸ் டீச்சர்

அன்புள்ள ஐயா,

விழுப்புரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை நான். 27 வருடம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைத் தேடி நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள் இனிப்போடு வருகிறார்கள். எங்களிடம் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனால் போனதுதான். போன மாதம் சென்னை பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டர் என்னிடம் படித்தவன். எனக்கு அடையாளம் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் எமிஸ் பதிவு, வாக்காளர் பட்டியல் வேலை என்று ஓடியதில், நான் என்னதான் செய்தேன் என்று தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

அந்தக் கண்டக்டரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் எனக்கும் தெரியாது. மூணாங்கிளாஸ் டீச்சர், அவ்வளவுதான். மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்தைக் கசக்காமல் கொண்டுவரச் சொல்வார். ஆளுக்கொன்றாக எழுந்து நின்று வாசிக்க வேண்டும். பாதிச் செய்தி கிழிந்துபோயிருக்கும், மீதி என்னவாக இருக்கும் என்று கேட்பார். நான் கதை கட்ட ஆரம்பித்தது அங்கேதான். என் முன்னுரைகளில் அச்சகத்தாருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சொன்னதில்லை. வடை மடித்துத் தரும் தாளை மட்டும் இன்றும் பிரித்துப் படிக்கிறேன். வீட்டில் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் காலமானார். மாணவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். பிள்ளை அதைப் பார்க்கவில்லை. அவர் நடத்திய பாடங்களிலும் சிந்தாமணி இல்லை. 1880இல், அவரைச் சிந்தாமணி பக்கம் திருப்பிய முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, சாமிநாதையர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டார் முதலியார். அந்த நூல்களை விடுங்கள். விளங்காத ஏட்டின் முன் சலிக்காமல் உட்காரும் பழக்கம் பிள்ளையிடம் வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதே 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சாமிநாதையருக்கு வேலை வாங்கித் தந்தவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையின் மாணவர். தான் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு இவரைக் கொண்டுவந்தார். சாமிநாதையர் பிறகு தன் திருவல்லிக்கேணி வீட்டுக்கு 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்தார். பிள்ளைக்குச் சேர வேண்டியது சுற்றிக்கொண்டு போய் யார் வாசலில் நிற்கிறது பாருங்கள்! பிள்ளையின் சரித்திரத்தையும் அவர் இரண்டு பாகமாக எழுதினார், உண்மைதான். முதல் பாகம் வந்தது 1933இல், ஆசிரியர் போய் 57 வருடம் கழித்து. உ.வே.சா.வே அவ்வளவு நாள் எடுத்துக்கொண்டார் என்றால் கண்டக்டருக்கும் கொஞ்சம் தவணை கொடுக்கலாம்.

அவன் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தானா? கொடுத்திருந்தால் அது நீங்கள் போட்ட கணக்கு. 'இறங்கும்போது வாங்கிக்கங்க' என்றிருந்தால் அது போக்குவரத்துக் கழகத்தில் கற்றது, உங்கள் பொறுப்பில்லை.

எமிஸ் பற்றி ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தக் கோபம் நியாயமானது, வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்த வருடம் உங்கள் வகுப்பில் எத்தனை பேர், எழுத்துக்கூட்ட முடியாமல் திணறுவது யார் என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.