விலை உயர்ந்த பேனாவை வாங்குமுன் நூறு புள்ளி வைத்துப் பாருங்கள்

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆயுள் முழுக்க மைப்பேனாவில் எழுதியவர். வரும் மாதம் 75 வயது நிறைகிறது. அவருக்குத் தெரியாமல் ஒரு மோன்ட்பிளாங்க் 149 வாங்கித் தர ஆசை. கடையில் விலை லட்ச ரூபாயை ஒட்டி வருகிறது. மையில் தொட்டு இரண்டு வரி எழுதக் கொடுத்தார்கள், நன்றாகத்தான் எழுதியது. இதற்கிடையில் வாட்ஸாப்பில் ஒருவர் அதே பேனாவை 35 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். ஒரே ஒரு முறை மை ஊற்றியதாம், பெட்டி, வாரன்டி கார்டு, சீரியல் நம்பர் எல்லாம் இருக்கிறதாம், 18 கேரட் தங்க நிப்பாம். முன்பணம் கேட்கிறார். நம்பலாமா? தங்க நிப் என்றால் வழவழப்பாக எழுதுமா? நல்ல பேனாவை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில், அந்த முன்பணத்தை அனுப்பாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பெட்டி இருக்கிறது, கார்டு இருக்கிறது, சீரியல் நம்பர் இருக்கிறது என்று அவர் சொல்வது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். போலி பேனா செய்கிறவர்கள் பேனாவைவிடப் பெட்டியைத்தான் அக்கறையாகச் செய்கிறார்கள். கிளிப் வளையத்தில் நம்பர் பொறிப்பது பெரிய வித்தையில்லை. ஒரே நம்பர் பொறித்த இரண்டு போலிகளை நானே ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நிப்பில் 4810 என்று இருப்பதையும் அடையாளமாகக் காட்டுவார்கள். அது மோன்ட்பிளாங்க் மலையின் உயரம் என்று வழக்கமாகச் சொல்லிவந்த எண், மீட்டரில். எந்தப் போலியிலும் அந்த எண்ணை விட்டுவைப்பதில்லை.

சென்ற வருடம் ஒரு வங்கி அதிகாரி இப்படி வாங்கிய '149' ஒன்றைக் கொண்டுவந்தார். மை சரியாக வரவில்லை, நிப்பை மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்றார். பேனாவைக் கையில் எடுத்து உடலைத் திருகினேன். கழுத்திலிருந்து தனியாகக் கழன்று வந்தது. உள்ளே கன்வெர்ட்டர், அதாவது மை உறிஞ்சும் சின்னக் குழாய். பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லை. 149 பிஸ்டன் பேனா. வால் பக்கத்துக் குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் ஏறி, நிப் வழியாக மையை இழுத்து உடலிலேயே நிரப்பிக்கொள்ளும். உடலைக் கழற்றிக் குழாய் மாட்டும் வேலையே அதில் கிடையாது. 28 ஆயிரம் கொடுத்திருந்தார். விற்றவரின் நம்பர் அணைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இங்கே ஒரு விலக்கு உண்டு. அதை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முன்பு ஒருமுறை இதைச் சுருக்கமாகச் சொல்லி ஒருவருக்கு நியாயமாக விற்றவரோடு சண்டையே வந்துவிட்டது. கன்வெர்ட்டர் இருந்தாலே போலி என்று நான் சொல்லவில்லை. அதே கறுப்பு, அதே வெள்ளை நட்சத்திரம், ஏறக்குறைய அதே உருவத்தில் 145 என்று ஒரு பேனாவை அந்த நிறுவனமே செய்கிறது. கொஞ்சம் ஒல்லியாக இருக்கும். அதில் கன்வெர்ட்டர்தான் போடுவார்கள், கார்ட்ரிட்ஜும், அதாவது மை அடைத்த சின்னக் குப்பியும் போடலாம். அது அசல். 146, 149 இரண்டும் பிஸ்டன். ஆகவே, பேனாவைக் கழற்றிப் பார்க்குமுன் 'இது எந்த நம்பர்?' என்று விற்கிறவரையே சொல்லவைத்து, அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். 145 என்று சொல்லிக் கன்வெர்ட்டர் இருந்தால் சரி. 149 என்று சொல்லிக் கன்வெர்ட்டர் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 149 என்று சொல்லிப் பிஸ்டனே இருந்தாலும் அசல் என்று முடிவுகட்ட வேண்டாம், பிஸ்டன் வைத்த போலிகளும் வந்துவிட்டன. இந்தச் சோதனை போலியைத்தான் காட்டிக்கொடுக்கும், அசலுக்குச் சான்றிதழ் தராது.

சரி, தங்கத்துக்கு வருவோம். 18 கேரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு தங்கம், 14 கேரட் என்றால் 58.5 பங்கு. ஜப்பானின் செய்லர் 21 கேரட்டில்கூட நிப் செய்கிறது. ஆனால் இவற்றில் எதிலும் தங்கம் பேப்பரைத் தொடுவதே இல்லை. நிப்பின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளிநிற மணி ஒட்டியிருக்கும். ஆஸ்மியம், ருத்தேனியம் போன்ற மிகக் கடினமான உலோகங்களின் கலவை அது. பழக்கத்தில் இரிடியம் என்கிறோம். எழுதுவது அந்த மணிதான். விலை மலிந்த எஃகு நிப்பிலும் பெரும்பாலும் இதே மாதிரி மணிதான் இருக்கும். அது எவ்வளவு ஒழுங்காக உருட்டித் தேய்க்கப்பட்டிருக்கிறது, நடுவில் ஓடும் பிளவு நேராக இருக்கிறதா, பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, இவ்வளவுதான் வழவழப்பு.

அப்புறம் எதற்குத் தங்கம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து மைகளில் அமிலம் அதிகம், சாதாரண எஃகை அரித்துவிடும். தங்கத்தை ஒன்றும் செய்யாது. இன்று துருப்பிடிக்காத எஃகு வந்துவிட்டது, மையும் சாதுவாகிவிட்டது. தங்கம் கௌரவத்துக்காக நிற்கிறது. கௌரவத்துக்குக் காசு கொடுப்பது தப்பில்லை, அதைத் தெரிந்து கொடுக்க வேண்டும். தங்கம் என்றால் வளைந்து கொடுக்கும் என்பதும் முழு உண்மையில்லை. தகடு தடிப்பாக இருந்தால் 18 கேரட்டும் ஆணி மாதிரி விறைத்துத்தான் நிற்கும்.

இன்னொரு ஏமாற்று, நிப்பில் 'இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்று பொறித்திருப்பது. அதைப் பார்த்துவிட்டு ஜெர்மன் நிப் என்று அடித்துச் சொல்வார்கள். அந்த எழுத்து எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. சீனாவில் செய்யும் மலிவு நிப்புகளில் அது சர்வசாதாரணம். உண்மையான ஜெர்மன் நிப் வேண்டுமென்றால் பாக், யோவோ என்ற இரண்டு நிறுவனங்கள் உலகம் முழுக்கப் பல பேனாக் கம்பெனிகளுக்கு நிப் செய்து தருகின்றன. விலை ஏறிய பேனாக்கள் சிலவற்றிலும் அவைதான், நம் திருவள்ளூரில் ரங்கா என்ற பெயரில் கருங்குழாய் போல எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் கையால் கடைந்து செய்கிறார்களே, அந்தப் பேனாக்களிலும் அவை கிடைக்கின்றன. மோன்ட்பிளாங்க், பெலிக்கன், பைலட், செய்லர், பிளாட்டினம் ஆகியோர் தங்கள் நிப்பைத் தாங்களே செய்கிறவர்கள். பெரிய விலை கொடுக்குமுன் நிப் யாருடையது என்று கேட்பது உங்கள் உரிமை. பாதிக் கடைக்காரர்களுக்குப் பதில் தெரியாது, அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

கனமாக இருந்தால் தரம் என்பதும் இப்படி ஒரு மயக்கம். உள்ளே பித்தளை வைத்தால் எந்தப் பேனாவும் கனக்கும். பெலிக்கனின் எம்400 வெறும் 15 கிராம்தான், அதைக் குறைசொல்ல ஆள் கிடையாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கடையில் மையில் தொட்டு எழுதிப் பார்த்தது சோதனையே இல்லை. நிப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு கட்டை இருக்குமே, நாக்கு என்போம், அதில் மெல்லிய வரிகள் வெட்டியிருப்பார்கள். மையில் முக்கியதும் அந்த வரிகளில் எல்லாம் மை அப்பிக்கொள்ளும். அந்த மையிலேயே பேனா கால் பக்கம், அரைப் பக்கம் அருமையாக எழுதும். எந்தக் குறையும் வெளியே தெரியாது. மை நிரப்பி எழுதும்போதுதான் நாக்கின் வேலை ஆரம்பிக்கிறது. மை கீழே இறங்க இறங்க, அதற்கு ஈடாகக் காற்று மேலே ஏற வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் சரியில்லாத பேனா, ஒரு பக்கம் முடிகிற நேரத்தில் வெளுக்க ஆரம்பிக்கும். அதற்குள் நீங்கள் கார்டைத் தேய்த்துப் பணம் கட்டியிருப்பீர்கள்.

செருப்புக் கடையில்கூட இரண்டு ஜோடி போட்டு நடந்து பார்க்க விடுகிறார்கள். லட்ச ரூபாய்ப் பேனாவை ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிறேன் என்றால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை உறை போட்டுக்கொண்டு 'மை ஊற்ற அனுமதியில்லை' என்கிறார்கள். சோதித்துப் பார்க்க என்று நான்கு அளவு நிப்பில் நான்கு பேனாக்களைத் தனியாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? விற்ற பிறகு நிப் சொரசொரக்கிறது என்று போனால் சர்வீஸுக்கு அனுப்புகிறோம் என்பார்கள். ஒரு நண்பருக்காக நான் அனுப்பிய பேனா திரும்பி வர ஏழு மாதம் ஆனது. வந்தபோதும் அதே சொரசொரப்பு, கூடவே 'சரியாக உள்ளது' என்று ஒரு சீட்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பிளவின் இடது பக்கம் வலதைவிட முடியளவு தாழ்ந்திருந்தது. நகத்தால் மெல்லத் தூக்கிவிட்டேன், ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யத் தெரிந்த ஓர் ஆளைக் கடையில் உட்காரவைக்கக்கூடாதா என்று எனக்கு இன்றுவரை ஆற்றாமை.

ஆகவே, மை நிரப்பி எழுதிப் பார்க்கச் சம்மதிக்கிற கடையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நிப் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

எழுதிப் பார்ப்பதற்கு எட்டு எட்டாக வட்டம் போடாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். வட்டத்தில் எல்லாப் பேனாவும் நன்றாகவே ஓடும். தமிழில் எழுதுங்கள். நம் எழுத்தைப் போலப் பேனாவைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை, காரணம் புள்ளி. புள்ளி வைக்கும்போது நாம் அழுத்துவதில்லை, பேனாவைத் தூக்கி ஒரு கணம் தொட்டுவிட்டு எடுக்கிறோம். வழவழப்புக்காக மணியை அளவுக்கு மீறி உருட்டிவிட்ட நிப்பில் பிளவின் ஓரங்கள் உள்வாங்கியிருக்கும். மை பிளவு வரை வந்து நிற்கும், பேப்பரைத் தொடாது. கோடு இழுத்தால் எழுதிவிடும், புள்ளி மட்டும் விழாது. விலை உயர்ந்த பேனாக்களில் இந்தக் குறை அதிகம், கடையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அவ்வளவு தேய்க்கிறார்கள்.

'கற்றுக்கொள்கிறார்கள்' என்று எழுதுங்கள். ஐந்து புள்ளி வரும். இருபது முறை எழுதினால் நூறு புள்ளி. பிறகு எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு விட்டிருந்தால் கை அவசரம், எட்டு பத்து காணாமல் போயிருந்தால் அந்தப் பேனா வேண்டாம். எழுதி முடித்ததும் மூடியைத் திறந்தபடி ஒரு நிமிடம் வைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். முதல் எழுத்தே விழ வேண்டும். அதன்பின் ஒரு வரி ழ, ஒரு வரி ஞ, ஒரு வரி ணை. ஏதோ ஒரு திசையில் திரும்பும்போது மட்டும் பிராண்டினால் பிளவு மட்டம் தப்பியிருக்கிறது, அது சரிசெய்யக்கூடியது. எல்லாத் திசையிலும் பிராண்டினால் விட்டுவிடுங்கள். பென்சில் ஓடுவதுபோல மெல்லிய உரசல் சத்தம் மட்டும் கேட்டால் அது குறையில்லை. செய்லர், பிளாட்டினம் நிப்புகளின் சுபாவமே அப்படித்தான், அதற்கென்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடையில் தரும் வழுவழுத் தாளில் இதையெல்லாம் செய்ய வேண்டாம். அப்பா தினமும் எழுதுகிற நோட்டு எதுவோ அதை எடுத்துப் போங்கள். ஜப்பானிய பேனா பார்த்தால் அவர்களுடைய எஃப், அதாவது ஃபைன் என்ற மெல்லிய நிப், ஐரோப்பிய எஃப்பைவிட ஒரு சுற்று மெல்லியது என்பதை மறக்காதீர்கள். அப்பாவின் எழுத்து பொடியாக இருந்தால் தடித்த நிப்பில் ழகரமும் ணகரமும் சுழி அடைபட்டுக் கறுத்துப்போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தெரியாமல் வாங்காதீர்கள். அவர் பேனாவைச் சாய்த்துப் பிடிக்கிறாரா நிமிர்த்திப் பிடிக்கிறாரா, மூடியைப் பின்னால் செருகி எழுதுகிறாரா, அழுத்துகிறாரா என்பதெல்லாம் ஐம்பது வருடத்தில் ஊறிப்போனது. உங்கள் கையில் வழுக்கிய நிப் அவர் கையில் இழுக்கலாம். 149 நல்ல பருமன், விரல் மூட்டு வலி இருந்தால் அது சௌகரியம், விரல் குட்டையானவருக்கு உலக்கை. அவரைக் கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து அந்த நூறு புள்ளியை அவரையே வைக்கச் சொல்லுங்கள். அவர் 149-ஐ ஒதுக்கிவிட்டு அதில் பாதி விலைகூட இல்லாத ஒரு பைலட்டையோ பெலிக்கனையோ எடுத்துக்கொண்டு நகராமல் இருந்தால், மறுபேச்சில்லாமல் அதை வாங்கிக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நிப் பக்கத்தை வெறும் தண்ணீரில் இரண்டு முறை நிரப்பி வெளியேற்றுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். முதல் மை சாதாரண நீலமாக இருக்கட்டும். படம் வரையும் கறுப்பு மையை ஒருபோதும் ஊற்றக்கூடாது, அதில் அரக்கு மாதிரி பசை இருக்கும், காய்ந்தால் நாக்கு அடைத்துப்போகும். வழவழப்பாக்கித் தருகிறேன் என்று உப்புக்காகிதத்தில் தேய்க்க வருகிறவர்களிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள், தேய்ந்த மணி திரும்ப வளராது. அப்பாவின் அலமாரியில் பழைய மை பாட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். அடியில் வண்டல் தட்டினாலோ, மேலே பாசிபோல் ஏதாவது மிதந்தாலோ, அவர் வேண்டாம் என்றாலும் கொட்டிவிடுங்கள்.