வீட்டு வேலை போதாதா?

கேள்வி: எனக்கு வயது 47. சமையல், துணி, கூட்டித் துடைப்பது என்று எல்லாம் நான்தான். சமீபத்தில் பிபி 138/88 இருந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், தினமும் நடங்கள் என்கிறார் டாக்டர். "இவ்வளவு வேலை செய்பவளுக்கு வாக்கிங் வேறயா?" என்று சிரிக்கிறார் மாமியார். மாலையில் எதிர்வீட்டு அக்காவோடு மொட்டைமாடியில் பேசிக்கொண்டே நடக்கிறேன். அது போதுமா? முழங்கால் வேறு லேசாக வலிக்கிறது.
- வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் மாமியார் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது, சகோதரி. செய்யும் வேலையே இதயத்தைக் காக்கும் என்று முதலில் காட்டியவர்களில் லண்டன் பஸ் கண்டக்டர்களும் உண்டு. அங்கே ஓடிய மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழுமாகப் படியேறிக்கொண்டே இருப்பார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இரு தரப்பையும் ஒப்பிட்டு 1953-ல் ஆய்வை வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்திருந்தது.

ஆனால் அந்த டிரைவரும் வீட்டுக்குப் போகும்போது களைத்துத்தான் போயிருப்பார். அலுப்பு வேறு, இதயத்துக்குக் கிடைக்கும் பயிற்சி வேறு. அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றால் கால் கடுக்கும், மூச்சு வாங்காது. குனிந்து வீடு துடைப்பதும், தண்ணீர்க்குடத்தோடு மாடி ஏறுவதும் கணக்கில் வரும். காய் நறுக்குவது வராது.

மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்குத் தொடர்ந்து நடந்துவந்தால் இதயத் தசை வலுவாகி, ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். ஓய்வில் இருக்கும்போது அது அவசரமில்லாமல் துடிக்கும். ரத்தக் குழாய்களும் இளகிக் கொடுப்பதால் பிபி இறங்கும். காலையில் படுக்கையைவிட்டு எழும் முன், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். சில மாதங்களில் அந்த எண் குறையக் கூடும்.

சரி, எவ்வளவு வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நேற்றைய சீரியல் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறீர்கள் என்றால் நடை மெதுவாக இருக்கிறது என்று அர்த்தம். அக்காவையும் வேகமாக நடக்கச் சொல்லுங்கள்! வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சாக நடக்க நேரமில்லையா? காலையில் 10 நிமிடம், மாலையில் 15 என்று பிரித்துக்கொள்ளலாம்.

முழங்காலுக்காக நடையை நிறுத்த வேண்டாம். மொட்டைமாடியில் அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும், தளமும் கெட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு நல்ல ஷூ போட்டு நேரான தெருவில் நடந்து பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து தொடைக்கு வலு ஏற்றுங்கள். வீக்கம் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமல் குமட்டலும் திடீர் அசதியும் மூச்சுத்திணறலுமாகக்கூட மாரடைப்பு வரலாம். வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காமல், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.